அக்கிக்கு நீ வரைந்த சிங்கம்

அக்கா,

இன்று சாயங்காலம் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போயிருந்தேன். நனைந்த காவிக்கல்லின் வாசனை மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவன், "இன்னாம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். நீ இருந்திருந்தால் உன் ஷேர் ஆட்டோவை அவனுக்குக் குறுக்கே நிறுத்தி, அவன் பரம்பரையையே விசாரித்திருப்பாய். நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன். உன்னோடு இத்தனை வருஷம் பழகியும் எனக்கு அந்த வாய் வரவில்லை.

குயவர் வீட்டுக்கு யாருக்காகப் போனேன் தெரியுமா? என் மாமியாருக்காக. சிரிக்காதே. அத்தைக்கு அக்கி வந்திருக்கிறது. முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி, ஒரு பக்கமாகவே கொத்துக் கொத்தாகக் கொப்புளம். புடவை பட்டாலே துடிக்கிறார். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் காவி எழுதினால்தான் மனசு ஆறும் என்று ஒரே அடம். அக்கி கண்டால் குயவர் காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுத வேண்டும், சிங்கத்தைப் பார்த்தால் அக்கி பயந்து ஓடும் என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. டாக்டரிடமே கேட்டேன். "கொப்புளத்து மேல வேணாம், தள்ளி எழுதிக்கட்டும். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்று சிரித்தார். அத்தையால் நடக்க முடியவில்லை. அதனால் நான் போய் ஒரு தேங்காய்த் தொட்டியில் காவிக் குழம்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க நீதான் கூட வந்தாய்.

அதே தேங்காய்த் தொட்டி. அதே சிவப்பு.

நாம் முதல் தடவை அதை வாங்கப் போனது எனக்குக் கர்ப்பம் உறுதியான சமயம். உள்தொடையிலும் அதற்கு மேலேயும் நாலைந்து கொப்புளம் வந்து உடைந்து, சிறுநீர் போனால் உயிர் போகிற எரிச்சல். யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மாறி மாறி ஷிப்ட். அத்தையிடம் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. கன்டெய்னர் யார்டு ஆபீசில் பில் போடும் பெஞ்சில் நான் நெளிந்து நெளிந்து உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். அன்று வேலை முடிந்து உன் ஆட்டோவில் ஏறினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நீயே கேட்டாய். "இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? அவன் எதுனா சொன்னானா?"

சொன்னேன். கடலோரக் கருங்கல் பக்கம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாய். பிறகு, "எனக்கும் வரும்டி அது. அக்கி. நாள் பூரா இன்ஜின் சூட்டு மேலயே குந்திகினு கீறனே, அத்தொட்டு வருதுன்னு நெனைக்கிறேன். காவி எழுதுனா போய்டும். அப்பால வரும். மறுக்கா எழுதுவேன்" என்றாய். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "அந்தப் பேமானி என்னை உட்டுட்டுப் போனதுக்கு முன்னாடிலேர்ந்து" என்றாய். உன் புருஷனைப் பற்றி நீ பேசினால் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

நேராகத் தேரடிக்கு வண்டியை விட்டாய். குயவர் வீட்டு அம்மா எங்கே எழுத வேண்டும் என்று கேட்டார். நீ கூசாமல், "அது காட்ற எடம் இல்லம்மா, தொட்டில போட்டுக் குடு, நானே எழுதிக்குறேன்" என்றாய். அவரும் வழக்கம்போல் கொடுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அங்கே நீ எத்தனை தடவை தனியாகப் போய் நின்றிருப்பாய் என்று. உன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டு என் தொடையில் கோழி இறகால் ஒரு சிங்கம் வரைந்தாய். அதற்குப் பிடரி மயிர் வைக்கப்போய் மீசை ஆகிவிட்டது. "இன்னாக்கா, பூனை மாதிரி இருக்கு" என்றேன். "பூனைக்கே பயந்துகினு ஓடுதா இல்லியா பாரு" என்றாய். எரிச்சலிலும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஓடிவிட்டது அக்கா, அதுதான் வேடிக்கை. ஒரு வாரம் பத்து நாளில் புண் காய்ந்தது. நானும் நம்பிவிட்டேன். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது தானாகவே காயும், காய்ந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், சமயம் பார்த்து மறுபடி எழுந்து வரும் என்பதெல்லாம் நமக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு தடவையும் நல்ல பேரைச் சிங்கம் வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்த ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு எல்லாம் சேர்த்துப் பார்க்கிறோம் என்று கடைத்தெரு லேப் ஒன்றில் எடுத்தது. ஹெர்பிஸ் என்று போட்டு, பக்கத்தில் 'பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. என் நாத்தனார் போனில் தேடிப் பார்த்து, இது உறவில் ஒட்டும் நோய், குழந்தைக்கு மூளை பாதிக்கும், கண் போகும் என்று அத்தைக்குப் படித்துக் காட்டினாள். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. அன்று ராத்திரியே எனக்குத் தனித் தட்டு, தனிச் சோப்பு. "கலீஜு புடிச்ச நோவு. நாலாம் மாசம்தானே ஆவுது, கலைச்சிடலாம். அடுத்தது நல்லா பொறக்கும்" என்றார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார் என்று இன்று சொல்கிறேன். அன்று எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி அவர் காலடியில் அடிக்கத்தான் தோன்றியது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "யார்கிட்டேர்ந்துடி வந்துச்சு?" என்று கேட்டார். "அதையே நானும் உன்னைக் கேக்கலாம்ல" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

மறுபடியும் கொப்புளம் வந்தது. நான் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். காவி வாங்கிவரலாம் என்று சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டாய். "போதும்டி பூனைங்க. அது மெய்யாலுமே அக்கின்னா ஒருக்கா வந்துட்டுப் போயிருக்கணும். எனக்கு வந்துகினே கீது, இப்ப உனக்கும் வருது. இது வேற எதுவோ. கொயந்த விசயத்துல நாம ரெண்டு பேரும் டாக்டர் ஆவக் கூடாது. ஏறு வண்டில" என்றாய். எனக்குக் காலில் வலு வந்ததே அந்த 'ஏறு வண்டில'யில்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவின் வாசலில் உட்கார எனக்கு வெட்கம். துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். நீ சத்தமாக, "மூஞ்ச தொற, மூச்சு முட்டிடப் போவுது. நாம இன்னா பாக்கெட்டா அடிச்சோம்?" என்றாய். வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அதில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் வெட்கம் விட்டது.

அந்த டாக்டருக்கு நம் வயசுதான் இருக்கும். லேப் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்த டெஸ்ட்ட வெச்சு புதுசா வந்துதா பழசான்னு சொல்லவே முடியாது. பல பேருக்கு சும்மாவே பாசிட்டிவ் காட்டும். இத நம்பி யாராவது கலைப்பாங்களா?" என்று கேட்டார். பிறகு புண்ணிலிருந்தே பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார். அதில் அந்தக் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று மெஷின் பல மடங்கு பெருக்கிப் பார்த்துச் சொல்லுமாம், கொப்புளம் புதிதாக இருக்கும்போதே எடுத்தால்தான் சரியாக வருமாம். ரத்தத்தில் வேறொரு நம்பகமான டெஸ்டும் எழுதினார். நீ சும்மா இருந்தாயா? "எனக்கும் இப்ப கீதும்மா, அப்டியே எடுத்துடு" என்றாய்.

முடிவு வந்த அன்று நாம் மூன்று பேராகப் போனோம். என் வீட்டுக்காரரை நீ ஷிப்ட் முடிந்ததும் கேட்டிலேயே மடக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாய். உனக்கும் எனக்கும் ஹெர்பிஸ்தான், பிறப்புறுப்பில் வருவது என்றார் டாக்டர். குழந்தை போச்சு என்றே நினைத்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்கக் கேட்க ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. என் ரத்தத்தில் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஆகவே இது உடம்புக்குப் பழைய ஆள், கொப்புளமாகத் தலைகாட்டியதுதான் இப்போது. கர்ப்பத்தின் கடைசியில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. பழசாக இருந்தால் அம்மாவின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்க் காவல் நிற்கும். ஒன்பதாம் மாசத்தில் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் பிரசவ நேரத்தில் கொப்புளம் வருவது குறையும். அப்படியும் வந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். "கலைக்கறதுக்கு இதுல ஒரு காரணமும் இல்ல" என்றார். நான் அங்கேயே அழுதேன்.

"யார்கிட்டேர்ந்து வந்துது?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அதைச் சொல்லவே முடியாது என்றார் டாக்டர். பல வருஷம் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் உடம்பில் இருக்கும், இருப்பது தெரியாமலே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும், சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் வரும்போது கையில் அத்தோ பொட்டலம், பர்மாக்காரர் கடை நூடுல்ஸ். மன்னிப்பு என்ற சொல் அந்த ஆள் வாயில் வராது, அத்தோதான் வரும். முட்டை கூடுதலாகப் போட்டு வாங்கியிருந்தார்.

ஆனால் அன்று நடந்ததில் எனக்கு மறக்கவே மறக்காதது வேறு. கிளம்பும் நேரத்தில் நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாய். குரலைத் தாழ்த்தி, "கொயந்தங்கள தூக்கலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாய்.

உனக்குக் குழந்தைகள் என்றாலே ஆகாது என்றுதான் தெருவே சொல்லும். ஆட்டோவில் உன் பக்கத்தில் எந்தக் குழந்தையையும் உட்கார விடமாட்டாய். உன் தங்கை பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வந்தால், "தள்ளிப் போ, கொசுத் தொல்ல" என்று விரட்டுவாய். நானே உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று கிண்டல் செய்திருக்கிறேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "தாராளமா தூக்கலாம். மடியில வெச்சுக்கலாம், குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம். தூக்கறதால இது ஒட்டாது. புண்ண தொட்டா சோப்பு போட்டுக் கைய கழுவிக்கணும், அவ்வளவுதான். உதட்டுல ஜுரக் கொப்புளம் வர்றவங்கதான் அது இருக்கும்போது பச்சக் கொழந்தைக்கு முத்தம் குடுக்கக் கூடாது. அதுவும் இதே குடும்பத்துக் கிருமிதான்" என்றார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் அத்தை ஞாபகம் வந்தது. ஜுரம் வந்துவிட்டால் அவருக்கு உதட்டோரம் கொப்புளிக்காமல் இருந்ததில்லை.

நீ எழுந்து வெளியே போனாய். நான் வந்து பார்த்தபோது ஆட்டோவுக்குள் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். "எத்தினி கொயந்திங்கள தள்ளிவுட்டேன்டி. எந்தங்கச்சி பெத்ததுங்க மூணும் என்னைப் பாத்தா ஓடுதுங்கடி" என்று விக்கினாய். உன்னை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

ஒன்பதாம் மாசம் பிறந்ததும் மாத்திரை தொடங்கினேன். அத்தை அதைப் பிரிட்ஜ் மேலே வைக்கக்கூட விடவில்லை. "கலீஜு மாத்திர, சாமி படம் கீற எடத்துல வெக்காத" என்பார். தனித் தட்டும் அப்படியே இருந்தது. ஆனால் வலி எடுத்த அன்று உன் ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள், ஒரு கொப்புளம்கூட இல்லை. சுகப்பிரசவம். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது அத்தைதான் முதலில் கையை நீட்டினார். பிறகு, ஜுரக் கொப்புளத்தைப் பற்றி மகன் சொல்லியிருந்தது நினைவு வந்து, தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். நான் உன்னைக் காட்டினேன்.

ஷேர் ஆட்டோவில் பஸ், லாரி எல்லாவற்றையும் முந்துகிற ஆள், ஒரு துணி மூட்டையை வாங்குவதற்குள் வேர்த்துப் போனாய். கை இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. "லூசா வுடும்மா" என்று நர்ஸ் அதட்டினார். நீ குழந்தையின் முகத்தைப் பார்த்து, "ஒண்ணியும் ஆவாது. ஒண்ணியும் ஆவாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். குழந்தைக்குச் சொன்னாயா, உனக்கே சொன்னாயா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு உன் கையிலிருந்து அவளைப் பிடுங்குவது எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. உன் தங்கை பிள்ளைகளும் உன் ஆட்டோவில் பின்சீட்டு முழுக்க ஏறிக்கொண்டு ராயபுரம் வரை ஓசியில் சுற்றின.

அப்புறம் ஓர் ஆடி மாசத்துப் பட்டப்பகலில், தண்டையார்பேட்டை ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ கேட்டவள், டீ வருவதற்குள் போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

போன தடவை நம் டாக்டரம்மாவைப் பார்த்தபோது உன்னைக் கேட்டார். சொன்னதும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய சமாச்சாரங்கள் நிறைய இருக்கின்றன அக்கா. புண்ணில் தொட்டு எடுத்த பஞ்சுக் குச்சியை வைத்து, உட்கார்ந்திருக்கும்போதே முடிவு சொல்லும் சின்ன மெஷின்கள் வந்துகொண்டிருக்கின்றனவாம். பழைய மாத்திரை கேட்காதவர்களுக்கு வேறு வழியில் வேலை செய்யும் புது மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பூசிகளை மனிதர்களுக்குப் போட்டே பார்க்கிறார்கள். நரம்புக்குள் தூங்குகிற கிருமியையே கத்தரித்து எடுக்கும் முயற்சி எலிகளிடம் ஓரளவு பலித்திருக்கிறது. இதை அவர் முன்பு ஒருமுறை சொன்னபோது நீ, "எலிக்கு சரியாய்டுச்சா? அப்ப எங்க தெரு எலிங்களுக்கு ராஜயோகம்தான்" என்றாய். இந்தத் தடவையும், "நாளைக்கே வந்துடும்னு சொல்ல மாட்டேன். ஆனா வரும்" என்றார். எனக்கு அந்தக் கடைசிச் சொல் போதும்.

இப்போது அத்தையின் கதைக்கு வருகிறேன். காவித் தொட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை கூடத்து மூலையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அன்னிக்கி நீ சாப்ட்ட மாத்திர இல்ல?" என்றார்.

"ஆமா அத்தே. அதே மாத்திரைதான். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா. அக்கியும் என்னோடதும் பங்காளிக் கிருமிங்களாம்."

எத்தனை நாள் இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தேன் தெரியுமா? சொல்லிக் காட்ட ஒரு பட்டியலே மனசில் வைத்திருந்தேன். ஆனால் அப்போதுதான் அவர் பக்கத்தில் இருந்ததைக் கவனித்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சோப்பு. எனக்கு ஒதுக்கிய அதே தட்டு. யாரும் சொல்லாமல் அவரே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாப்பா "ஆயா" என்று ஓடிவந்தாள். அத்தை சுவரோடு ஒண்டிக்கொண்டு, "இட்டுக்குனு போம்மா. கொயந்தய என் கைல குடுக்காத" என்றார்.

அது உன் குரல் அக்கா. ஆஸ்பத்திரியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாயே, அந்த நீ.

காலையிலேயே டாக்டரிடம் இதையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்கிக் கொப்புளத்தைத் தொட்டால், அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம். பாப்பாவுக்குத்தான் போன வருஷமே அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கொப்புளத்தைத் துணியால் மூடி வைத்தால் போதும் என்றார். அத்தையின் விலாவில் சுத்தமான வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினேன். அதற்குத் தள்ளி, நல்ல தோலில், காவியால் ஒரு சிங்கம் வரைந்தேன். அதற்கும் மீசைதான் வந்தது. பிறகு அந்தத் தனித் தட்டை எடுத்துப்போய்க் கழுவி, எல்லாத் தட்டுகளோடும் அடுக்கினேன். பாப்பாவைத் தூக்கி, புண் இல்லாத பக்கமாக அத்தையின் மடியில் வைத்தேன்.

அவர் கைகள் விறைத்துக்கொண்டு நின்றன.

எனக்கு இருப்பது இன்னும் என் முதுகுத்தண்டின் அடியில் எங்கோ தூங்குகிறது. சாகும்வரை கூட வருமோ, அதற்குள் மருந்து வருமோ, தெரியாது. அதை இப்போது ஒரு பாரமாக நினைப்பதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து ஒட்டிக்கொண்டதும் ஒன்று இருக்கிறது. அது இன்று என்னைக் கேட்காமலே வாயில் வந்தது, என் ஆபீஸ் தமிழில் இல்லை, உன் பாஷையிலேயே.

"லூசா வுடு அத்தே. ஒண்ணியும் ஆவாது."